மூன்றாம் பெட்டியில் ஓர் ஓட்டு

லாட்டி கச்மாரெக் ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டுப் போட்ட ஆள் ஒருவர்கூட ஜெயித்ததில்லை. அமெரிக்காவின் மில்வாக்கி நகரத் தெற்குப் பகுதியில் இதைத் தெரியாதவர்கள் இல்லை. கிளெம் டோம்பெக் தன் மதுக்கடைக் கல்லாவில் நின்றபடி, "லாட்டி யாருக்குப் போடப் போறான்னு சொல்லச் சொல்லுங்கப்பா, அந்தாளுக்கு இப்பவே அனுதாபம் சொல்லிடலாம்" என்பார். லாட்டி கோபித்துக்கொள்ள மாட்டாள். "தோக்கிறவன் பக்கத்துல ஒருத்தியாவது நிக்கணும்ல" என்று சொல்லிவிட்டு மீன் வறுவல் தட்டைக் கையில் வாங்கிக்கொள்வாள்.

அவளுடைய அப்பா தோல் ஆலையில் ஊறல் தொட்டி வேலை பார்த்தவர். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வாடை அவர் கைகளில் இருந்தது. அவர் சோஷலிஸ்ட். அந்த நகரத்தில் அது அப்போது வெட்கப்படும் விஷயமாக இருக்கவில்லை, மேயரே அந்தக் கட்சிக்காரர்தான். குழாயில் நல்ல தண்ணீர் வந்தது, கழிவுநீர் தெருவில் ஓடாமல் பூமிக்கடியில் ஓடியது. "மத்தவனெல்லாம் சொர்க்கத்தைக் காட்டி ஓட்டுக் கேட்டான். நாங்க சாக்கடையைக் காட்டிக் கேட்டோம்" என்று அப்பா பெருமையாகச் சொல்வார். பிறகு கட்சி தேய்ந்தது, அப்பா போனார், ஆலைகளும் போயின. லாட்டி மட்டும் நகரவில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் ஓட்டுச்சீட்டில் இடதுசாரிச் சிறு கட்சி எது இருக்கிறதோ அதைத் தேடிக் கண்டுபிடித்து அதற்குப் போட்டாள். ரிபப்ளிக்கன், டெமாக்ரட் என்ற இரண்டு யானைகளுக்கு நடுவே எலிக்கு ஓட்டுப் போடுகிறவள் என்று ஊரில் அவளுக்குப் பெயர்.

வீட்டிலேயே ஒரு யானை இருந்தது. புருஷன் நார்பர்ட், சுருக்கமாக நார்ப், மதுபான ஆலையில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். டெமாக்ரட் கட்சி அவனுக்கு ஞானஸ்நானத்தோடு சேர்ந்து வந்தது. தேர்தல் வந்தால் வீட்டு முன்புல்வெளியின் நடுவே அவன் தோட்டக் குழாயை நீளவாக்கில் போட்டுவிடுவான். குழாய்க்கு இந்தப் பக்கம் அவன் கட்சிப் பலகை, அந்தப் பக்கம் அவள் கட்சிப் பலகை. தபால்காரர் இரண்டுக்கும் நடுவே குழாயை மிதிக்காமல் நடந்து வந்து கடிதம் போடுவார்.

இரண்டாயிரமாவது ஆண்டுத் தேர்தலில் அந்தக் குழாய் விளையாட்டுக்குக் கிடந்ததாகத் தோன்றவில்லை. மில்வாக்கி இருக்கும் விஸ்கான்சின் மாநிலத்தில் இரண்டு பெரிய கட்சிகளும் மயிரிழையில் நின்றன. மாநிலத்தில் ஓர் ஓட்டு அதிகம் வாங்கியவருக்கு அந்த மாநிலத்தின் பங்கு முழுவதும் போய்விடும். இடதுசாரிகள் அந்த முறை பசுமைக் கட்சி பக்கம் சாய்ந்திருந்தார்கள். லாட்டியின் பலகையும் பச்சையாக இருந்தது. அவளைப் போல இன்னும் சில ஆயிரம் பேர் சாய்ந்தால் மாநிலம் ரிபப்ளிக்கன் கைக்குப் போகும் என்று வானொலியில் காலையும் மாலையும் சொன்னார்கள்.

"உன் ஓட்டைச் சாக்கடையில போடுறே" என்றான் நார்ப்.

"எங்கப்பா போட்ட சாக்கடை. போடலாம்" என்றாள் லாட்டி.

நார்பை அப்படி வாயடைக்க அவளால் முடிந்தது. ஒசெல்லாவை முடியவில்லை.

ஒசெல்லா டேட், மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் லாட்டியோடு எதிரும் புதிருமாக நின்று படுக்கை விரிப்பு மடிப்பவள். விரிப்பின் இரு முனைகளை ஒருத்தி பிடிக்க, மறு முனைகளை இன்னொருத்தி பிடிக்க, நான்கு எட்டில் ஒருத்தியை ஒருத்தி நெருங்கி மடித்து, மறுபடி விலகுவார்கள். பல வருடங்களாக அவர்கள் பேசிய பேச்செல்லாம் இப்படி நெருங்கியும் விலகியும் பேசியதுதான். ஒசெல்லா வடக்குப் பகுதிக்காரி, கறுப்பினத்தவள், தொழிற்சங்கத்தில் லாட்டிக்குத் துணை நின்றவள்.

அக்டோபர் கடைசியில் ஒரு நாள் ஒசெல்லா விரிப்பை மடிக்காமல் பிடித்தபடியே நின்றாள்.

"லாட்டி, ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காதே. உன் மனசாட்சியைச் சுத்தமா வெச்சுக்கிறியே, அதுக்கு ஆகுற செலவை எங்க தெரு கட்டணுமா?"

"என்னடி பேசுறே?"

"ரிபப்ளிக்கன் வந்தா உன் தெருவுக்கு வலிக்கும். எங்க தெருவுல எலும்பு முறியும். உனக்கு இது கொள்கை. எனக்கு இது மழைக்குக் கூரை."

விரிப்பு இருவர் கையிலும் தொங்கிக்கொண்டிருந்தது. லாட்டி மெல்லச் சொன்னாள்: "நானும் பெரிய கட்சிக்கே போட்டுட்டா, எங்களை மாதிரி ஆளுங்க இருக்கோம்கறதே யாருக்கும் தெரியாமப் போயிடும் ஒசெல்லா. எண்ணிப் பார்க்கையில நாங்க இருக்கணும். அவ்வளவுதான் நான் கேக்குறது."

"எண்ணுறதுக்கு நீ இங்கதான் இருக்கணுமா?" என்றாள் ஒசெல்லா. "யூனியன் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஒண்ணு பார்த்தேன். ஆளை மாத்தி ஓட்டுப் போடுறாங்க. டெக்ஸஸ்ல டெமாக்ரட் தலைகீழா நின்னாலும் ஜெயிக்க முடியாது. அங்க ஒருத்தன் உன் கட்சிக்குப் போடுவான், நீ இங்க அவன் கட்சிக்குப் போடணும். உன் கட்சிக்கு நாடு பூரா நூத்துக்கு அஞ்சு வந்தா அடுத்த வாட்டி அரசாங்க நிதி கிடைக்கும்ல? அது டெக்ஸஸ்ல விழுந்தா என்ன, இங்க விழுந்தா என்ன? கணக்கு ஒண்ணுதான்."

"அவன் போட்டான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"நான் போட்டேன்னு அவனுக்கு?"

"அதுவும் தெரியாது."

"இது என்னடி ஒப்பந்தம்?"

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நீ ஆடுறியே சீட்டாட்டம், அதான் இது" என்று சொல்லி ஒசெல்லா விரிப்போடு நெருங்கி வந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை கிளெம் கடையில் சீட்டாடும்போது லாட்டிக்கு அந்தப் பேச்சே மனதில் ஓடியது. அந்த ஊர்க்காரர்கள் ஆடுவது 'ஷீப்ஸ்ஹெட்' என்கிற ஆட்டம். ஐந்து பேர் உட்காருவார்கள். ஒருவன் துணிந்து ஆட்டத்தை எடுப்பான், இன்ன ஏஸ் சீட்டு வைத்திருப்பவர் என் கூட்டாளி என்று அறிவிப்பான். யாரிடம் அந்த ஏஸ் இருக்கிறதோ அவர் வாய் திறக்கக் கூடாது, கண்கூடச் சிமிட்டக் கூடாது. சீட்டு மேசையில் விழுகிற வரைக்கும் தன் கூட்டாளி யாரென்று தெரியாமலேதான் எடுத்தவன் ஆட வேண்டும். குழந்தையிலிருந்து ஆடும் ஆட்டம். முகம் தெரியாத துணையை நம்பி இறங்குவது புதிதில்லை என்று லாட்டி தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் சீட்டாட்டத்தில் கடைசியில் ஏஸ் விழும். இதில் விழவே விழாது.

மறுநாள் யூனியன் அலுவலகத்துக்குப் போய்ப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கொடுத்தாள். நார்பிடம் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து, நார்ப் வீட்டில் இல்லாத நேரத்தில், தொலைபேசி அடித்தது. கனமான, அவசரமில்லாத குரல்.

"கச்மாரெக் அம்மாவா? பேரைச் சரியாச் சொன்னேனா? நான் டெல்மர் ஸ்ட்ராட் பேசுறேன். டெக்ஸஸ், மெஸ்கிட் வெல்ஸ். ஊர்னு சொல்றதே அதிகம். காத்தாடிப் பம்பு ரிப்பேர் பண்றவன்."

"சொல்லுங்க."

"எங்க ஊர்ல டெமாக்ரட்டுக்கு ஓட்டுப் போடுறது பாழுங்கிணத்துல கல்லைப் போடுற மாதிரி. விழுந்த சத்தம்கூட மேல வராது. அதான், அந்தக் கல்லை உங்க பக்கமா எறியலாம்னு பார்த்தேன்." சிரித்தார். "ஆனா ஒண்ணு. யாருக்குப் போடப் போறேன்னு தெரியாமப் போட மாட்டேன். உங்க கட்சி என்னத்தைச் சொல்லுது, நீங்க ஏன் அதுக்குப் போடுறீங்க, சொல்லுங்க. உங்களுக்குப் பதிலா போடுறேன்ல, நீங்க போடுற மாதிரி போடணும்."

லாட்டிக்கு இப்படி ஒருவர் கேட்பார் என்று தோன்றியிருக்கவே இல்லை. சொந்த வீட்டில், சொந்தப் புருஷன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்பாவின் கைவாடையைப் பற்றிச் சொன்னாள். தண்ணீரையும் சாக்கடையையும் பற்றிச் சொன்னாள். வேலை செய்கிறவர்களும் தம் பெயரில் தனியாக எண்ணப்பட வேண்டும், யாரோ ஒருவரின் மீதியாக எண்ணப்படக் கூடாது என்று சொன்னாள். அந்தப் பக்கம் இருந்தவர் குறுக்கே பேசவில்லை. நடுநடுவே "ம்" என்ற ஒலி மட்டும் வந்தது.

"சரிம்மா. புரிஞ்சுது. அதை நினைச்சுப் போடுறேன்."

"நீங்க சொல்லுங்க. நான் எதை நினைச்சுப் போடணும்?"

"நாங்க பரம்பரை டெமாக்ரட். எங்க கட்சியில மஞ்ச நாய் நின்னாலும் நாய்க்குத்தான் போடுவோம். ஆனா என் வீட்டுக்காரி ஜெனீவா, போய்ச் சேர்ந்துட்டா, அவ ஒரு கதை சொல்லுவா. எங்க பக்கம் பண்ணைகளுக்குக் கரண்டு கொண்டுவந்தது அந்தக் கட்சி. முதல் நாள் பல்பு எரிஞ்சப்ப இவ சின்னக் குழந்தை. சூரியன் வீட்டுக்குள்ள வந்திருச்சு, இனி ராத்திரி எங்க போவும்னு அழுதாளாம். அதை நினைச்சுப் போடுங்கம்மா. அது போதும்."

தேர்தல் நாள் மழைத்தூறலாக விடிந்தது. அவளுடைய வட்டாரத்துக்கு ஓட்டுச்சாவடி தேவாலயத்தின் அடித்தளக் கூடம். மேசையில் பக்கத்துத் தெரு இர்மா உட்கார்ந்து பெயர் சரிபார்த்துச் சீட்டுக் கொடுத்தாள். லாட்டி தடுப்புக்குள் போய்ப் பேனாவை எடுத்தாள். சீட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நடுவில் வெட்டுப்பட்ட அம்புக்குறி ஒன்று இருக்கும். வேண்டிய பெயருக்கு எதிரே கோடு இழுத்து அம்பை இணைக்க வேண்டும்.

ஜெனீவாவின் பல்பை நினைத்தாள். பிறகு அப்பாவின் நினைவு வந்தது. அடுத்த கணம் கீழே பார்த்தபோது கோடு விழுந்திருந்தது. பசுமைக் கட்சியின் அம்பில். கை தானாகவே போயிருந்தது. வாழ்நாள் முழுதும் பெரிய பெயர்கள் இரண்டையும் தாண்டிக் கீழே இறங்கிப் பழகிய கை.

லாட்டி அசையாமல் நின்றாள்.

இப்படியே விட்டுவிடலாம். யாருக்குத் தெரியும்? ஒசெல்லாவுக்குத் தெரியாது, டெல்மருக்குத் தெரியாது. உலகத்தில் யாருக்கும் தெரியாது. வேண்டுமென்றே செய்யவில்லை என்று தனக்கே சொல்லிக்கொள்ளலாம். அந்த மனிதர் தன் ஊரில் சொன்னபடி போட்டால் அவளுடைய கட்சிக்கு இரண்டு ஓட்டு. போடாவிட்டால் அவள் ஏமாறவில்லை. எப்படிப் பார்த்தாலும் லாபம்.

சீட்டை யாரும் பார்க்க முடியாதபடி நெஞ்சோடு வைத்துக்கொண்டு இர்மாவிடம் போனாள்.

"வேற சீட்டுக் கொடு. இது கெட்டுப்போச்சு."

"லாட்டியா? கெடுத்தியா?" இர்மாவின் கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியது. "தூக்கத்துல எழுப்பினாக்கூட கண்ணை மூடிக்கிட்டு கோடு போடுவியே!"

"அதான் வினையே. கண்ணை மூடிக்கிட்டுப் போட்டேன்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பழைய சீட்டு செல்லாதென்று ஒதுக்கப்பட்டது, புதுச் சீட்டு வந்தது. தடுப்புக்குள் போய், இந்த முறை இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, டெமாக்ரட்டின் அம்பில் கோட்டை இழுத்தாள். அது கொஞ்சம் கோணலாக விழுந்தது. இயந்திரம் சீட்டை வாங்கி விழுங்கிற்று. வெளியே வந்தபோது, கைப்பையை எங்கோ மறந்து வைத்துவிட்டு வந்தவள் போல அடிக்கடி தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

விஸ்கான்சினில் டெமாக்ரட் ஜெயித்தார். அதுவும் எப்படி? ஒரு பேஸ்பால் மைதானத்தின் ஒரு மூலையில் உட்காரவைத்துவிடலாம், அவ்வளவு பேர்தான் வித்தியாசம். ஆனால் நாட்டின் முடிவு ஃப்ளோரிடா மாநிலத்தில் மாட்டிக்கொண்டது. வாரக்கணக்கில் அங்கே சீட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பசுமைக் கட்சிக்கு நூற்றுக்கு ஐந்தும் வரவில்லை, மூன்றுகூட வரவில்லை. வசவு மட்டும் முழுதாக வந்தது.

நார்புக்கு அந்த வாரங்கள் முழுக்க வாய் ஓயவில்லை. "பார்த்தியா உன் ஆளுங்க பண்ணின வேலையை? ஃப்ளோரிடாவைக் கெடுத்தாச்சு. நம்ம மாநிலம் தப்பிச்சுதுன்னா அது என்னை மாதிரி ஆளுங்களால. உன்னால இல்ல!"

லாட்டி தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும், அவன் வாயடைத்துப் போவான். அந்த வார்த்தையைத்தான் அவளால் சொல்ல முடியவில்லை. டெக்ஸஸ்காரர் சொன்னபடி போட்டிருந்தால், அவள் தன் ஓட்டை வேறு ஊரில் போட்டவள். போடவில்லை என்றால்? இத்தனை வருடம் தோட்டக் குழாய்க்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டு, கடைசியில் நார்பின் கட்சிக்குப் போட்டவள், அவ்வளவுதான். இரண்டில் எது என்பது அவள் கையில் இல்லை. ஒரு முன்பின் தெரியாதவர் தனியாகப் பேனாவைப் பிடித்து நின்ற கணத்தில் இருக்கிறது. அதைப் பார்க்கச் சட்டமே யாரையும் விடாது.

"அவரையே கேளேன்" என்றாள் ஒசெல்லா, விரிப்பை உதறிக்கொண்டே.

"எப்படிடி கேக்குறது? கேட்டாலே நம்பலைன்னு அர்த்தம். போட்டேன்னுதான் சொல்லுவார். போட்டவரும் சொல்லுவார், போடாதவரும் சொல்லுவார்."

"நீ நம்பலையா?"

"அவர் குரலை நம்புறேன். என் கையையே நம்ப முடியாமப் போச்சு ஒசெல்லா. அப்புறம் எந்தக் கையை நம்புறது?"

அதன் பிறகும் சில நாள் பொறுத்தாள். நன்றி அறிவிப்பு விடுமுறைக்கு முந்தின நாள் பொறுமை போய்விட்டது. சலவைக்கூடத்துப் பொதுத் தொலைபேசியில் விசாரித்து, மெஸ்கிட் வெல்ஸ் இருக்கும் மாவட்டத்தில் தேர்தல் கணக்கு வைக்கும் எழுத்தர் அலுவலகத்தைப் பிடித்தாள். எடுத்தவள் பெயர் வைலீன். மாவட்டத்தின் மொத்த அலுவலகமும் அவள் ஒருத்திதான் போலிருந்தது.

"மெஸ்கிட் வெல்ஸா? அது மூணாம் ஓட்டுப்பெட்டி. எத்தனை விழுந்ததுன்னு எல்லாரும் தெரிஞ்சுக்கலாம்மா, கோர்ட் கதவுல ஒட்டித்தான் வெச்சிருக்கோம். எந்தக் கட்சி?"

"பசுமைக் கட்சி."

வைலீன் தாளைப் புரட்டவில்லை. "ஒண்ணு" என்றாள் உடனே.

லாட்டி தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணா?"

"ஒண்ணுதான். நான் இங்க வேலைக்கு வந்த நாள்லேர்ந்து அந்தப் பெட்டியில மூணாவது கட்சிக்கு ஒரு ஓட்டு விழுந்ததில்ல. கவுந்து கிடந்த சீட்டை நான்தான் எடுத்தேன். திருப்பிப் பார்த்துட்டு, கண்ணாடியைத் துடைச்சுட்டு மறுபடி பார்த்தேன். அந்தப் பெட்டியில எப்பவும் டெமாக்ரட் நாலு. மத்ததெல்லாம் ரிபப்ளிக்கன். இந்த வாட்டி டெமாக்ரட் மூணு."

"அது யாருன்னு..."

"சொல்லக் கூடாதும்மா. சொல்லவும் மாட்டேன். எனக்குத் தெரியவும் தெரியாது." வைலீன் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா தீவனக் கடையில சனிக்கிழமை டாமினோ ஆடுற மேசையில ஒரு நாற்காலி காலியா இருக்கு. அதைச் சொல்லலாம். நாற்காலிக்குத் தேர்தல் சட்டம் கிடையாது."

தொலைபேசியை வைத்துவிட்டு லாட்டி துவைத்த துணி மூட்டைகளின் மேல் உட்கார்ந்துவிட்டாள். இயந்திரங்கள் சுழன்றுகொண்டிருந்தன.

அவளுடைய ஓட்டு அது. பிறந்ததிலிருந்து போட்ட ஓட்டுகள் எல்லாம் மிச்சிகன் ஏரியில் விழுந்த உப்புக்கல் போலக் கரைந்தவை. ஒன்றையும் அவள் மறுபடி பார்த்ததில்லை. இதோ, அவள் கால் வைக்காத, மரம்கூட இல்லாத ஏதோ ஒரு ஊரில், கோர்ட் கதவில், அந்த ஓட்டு தனியாக நிற்கிறது. ஒன்று. போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்கும்படி.

பிறகுதான் அடுத்தது உறைத்தது. அவள் மில்வாக்கியில் மாற்றிப் போட்டது எவருக்கும் தெரியாது, தெரியப்போவதும் இல்லை. ஆனால் நான்கே டெமாக்ரட்டுகள் இருக்கும் ஊரில் நான்கு மூன்றானால் ஊருக்கே தெரியும். ரகசிய ஓட்டு என்பது கூட்டம் உள்ள இடத்துச் சங்கதி. பாழுங்கிணற்றில் விழும் கல்லுக்குச் சத்தமே வராது என்று அவர் சிரித்தபோதே, அந்தக் கிணறு எவ்வளவு சிறியது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் சரி என்றார்.

ஒசெல்லா வந்து பார்த்தபோது லாட்டியின் கண்கள் நனைந்திருந்தன. "போடலையா?" என்று பதறினாள்.

"போட்டிருக்கார்டி" என்றாள் லாட்டி. "ஐயோ, போட்டிருக்கார்."

அன்று மாலையே டெல்மரை அழைத்தாள்.

"சொன்னேன்ல, போடுறேன்னு" என்றார் அவர், வானிலை பேசுவது போல.

"டாமினோ மேசையில உங்க நாற்காலி காலியா இருக்காமே."

"வைலீனா? அவளுக்கு வாய்ல கதவு கிடையாது. அது ஒண்ணுமில்லம்மா. ஹாலிஸ்னு ஒரு கிழவன். சின்ன வயசுலேர்ந்து டாமினோவுல எனக்கு ஜோடி. நான் கட்சியை விட்டு ஓடிட்டேன்னு கோபம். 'ஜெனீவா இருந்திருந்தா உன்னை வீட்டுக்குள்ள விடமாட்டா'ன்னு சொல்லிட்டான். அதுதான் கொஞ்சம் குத்துச்சு."

"ஏன் அவர்கிட்ட நடந்ததைச் சொல்லல?"

"அது உங்க ஓட்டும்மா. என் வீட்டுல தங்கின விருந்தாளி மாதிரி. விருந்தாளியைக் கொண்டுபோய்த் தெருவுல நிறுத்தி, இது என்னோடதில்ல, அவங்களோடதுன்னு சொல்லலாமா?"

"நான் உங்களுக்குப் போட்டேன் டெல்மர். முதல்ல கை தப்பிப் போச்சு. வேற சீட்டு வாங்கி..."

"நான் கேக்கலையேம்மா" என்றார் அவர் மென்மையாக. "கேக்கணும்னு தோணவே இல்ல."

சனிக்கிழமை காலை நார்ப் சமையலறை மேசையில் உட்கார்ந்து, வேட்டையில் கிடைத்த மான் இறைச்சியைக் குடலில் திணித்து சாசேஜ் பண்ணிக்கொண்டிருந்தான். முழங்கை வரை கொழுப்பு. லாட்டி அவன் எதிரிலேயே தொலைபேசியை எடுத்தாள். மெஸ்கிட் வெல்ஸ் தீவனக் கடை எண்ணை வைலீனே தந்திருந்தாள்.

"டாமினோ ஆடுற ஹாலிஸ் ஐயாவைக் கூப்பிடுங்க."

நாற்காலி நகரும் சத்தம், செருப்பு தேயும் சத்தம். "யாரு?"

"நான் லாட்டி கச்மாரெக். மில்வாக்கியிலேர்ந்து பேசுறேன். உங்க மூணாம் பெட்டியில பசுமைக் கட்சிக்கு ஒரு ஓட்டு விழுந்திருக்குல்ல? அது என்னோடது."

நார்பின் கை நின்றது.

"அம்மா," என்றார் ஹாலிஸ் நிதானமாக, "நீங்க மில்வாக்கியில இருக்கீங்க. எங்க பெட்டியில எப்படி ஓட்டுப் போடுவீங்க?"

"நான் போடல. டெல்மர் எனக்காகப் போட்டார். நான் இங்க அவருக்காகப் போட்டேன். மாத்திக்கிட்டோம்."

"அப்ப டெல்மரோட டெமாக்ரட் ஓட்டு?"

"இங்க இருக்கு. விஸ்கான்சின்ல. ஜெனீவாம்மா குழந்தையில பார்த்த பல்பை நினைச்சு நானே என் கையால போட்டேன்."

ஜெனீவாவின் பெயர் கேட்டதும் அந்தப் பக்கம் மூச்சு மாறியது. "அந்தக் கதையை அவன் உங்ககிட்ட சொன்னானா?"

"சொன்னார். இன்னொண்ணையும் கேட்டுக்குங்க. விஸ்கான்சின்ல டெமாக்ரட் ஜெயிச்சாச்சு. நூலிழையில. டெல்மரோட ஓட்டு ஜெயிச்சிருச்சு ஐயா. உங்க பெட்டியில யாராவது போட்ட ஓட்டு ஜெயிச்சு எத்தனை காலமாச்சு?"

ஹாலிஸ் தொலைபேசியைக் கையால் மூடாமலேயே கடைக்குள் திரும்பிக் கத்தினார், அது மில்வாக்கிச் சமையலறை முழுக்கக் கேட்டது: "டேய்! டெல்மர் ஓட்டு ஜெயிச்சிருச்சுடா! விஸ்கான்சின்ல ஜெயிச்சிருச்சு! எவனாவது வண்டியை எடுத்துட்டுப் போய் அந்தக் கழுதையைக் கூட்டிட்டு வாங்கடா, ஆட்டம் ஆரம்பிக்கணும்!"

பிறகு குரல் திரும்பி வந்தது, தணிந்து. "அம்மா. உங்க ஓட்டு இங்க பத்திரமா இருக்கு. கதவுல ஒட்டியிருக்கிறதைக் காத்து அடிச்சுட்டுப் போகாம நான் பார்த்துக்குறேன்."

லாட்டி தொலைபேசியை வைத்தாள். நார்ப் கொழுப்புக் கைகளை மேசைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, சரணடைந்தவன் போல உட்கார்ந்திருந்தான்.

"அப்ப... நீ எங்களுக்கா போட்டே?"

"உனக்கில்ல நார்ப். டெல்மருக்கு."

"மூணு வாரமா நான் தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லலாம்லடி?"

"என்கிட்ட பாதிக் கதைதான் இருந்துச்சு. மீதி டெக்ஸஸ்ல இருந்துச்சு."

நார்ப் சாசேஜைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், கடைசியில் அவளைப் பார்த்தான். கேலி செய்ய ஏதோ தேடுகிறான் என்று லாட்டி நினைத்தாள். அவன் தேடவில்லை.

"அந்தப் பெட்டியில ஒண்ணேதானா?"

"ஒண்ணே ஒண்ணு."

"தனியா எழுதியிருக்காங்களா? ஒண்ணுன்னு?"

"ஆமா. கதவுல."

நார்ப் மெதுவாகத் தலையாட்டினான். "இத்தனை வருஷமா எத்தனை ஓட்டுப் போட்டிருப்பேன் லாட்டி" என்றான். "என் ஓட்டு எதையும் நான் ஒரு நாள்கூடக் கண்ணால பார்த்ததில்லடி."